நோரெதிஸ்டிரோன் மாத்திரை: தொடங்குவது முதல் நிறுத்துவது வரை முழு வழிகாட்டி

கடையில் ப்ரிமோலூட்-என், ரெஜெஸ்ட்ரோன் என்று பல பெயர்களில் கிடைக்கும். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான்: நோரெதிஸ்டிரோன், பெரும்பாலும் 5 மில்லிகிராம். பெண் உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைச் செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய மருந்து இது.

மருத்துவர்கள் இதை அதிக உதிரப்போக்குக்கும், கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் எழுதுகிறார்கள். வீடுகளில் கல்யாணம், அறுபதாம் கல்யாண சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் மாதவிடாய் நாளைத் தள்ளிப்போடக் கேட்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் மருந்துக் கடையில் நிற்கும் எனக்கு இரண்டு வகையினரும் பழக்கம். மாத்திரை வேலை செய்யவில்லை என்று திரும்பி வருபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் மாத்திரையில் கோளாறு இருக்காது, வரிசையில்தான் இருக்கும். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்திருப்பார்கள், அல்லது செய்தே இருக்க மாட்டார்கள்.

இது மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. சீட்டுக்குப் பதிலாக இதைப் படிக்காதீர்கள். சீட்டில் எழுதியதைப் புரிந்துகொண்டு, தவறாமல் எடுக்கத்தான் இந்த வழிகாட்டி.

1. எதற்கு மாத்திரை என்று முழுதாகச் சொல்லுங்கள்

"பீரியட்ஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று கேட்டால் நான்கு விதமான மருந்துகளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். நாளைத் தள்ளிப்போடுவது ஒன்று. வராமல் இருப்பதை வரவைக்க எழுதும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் இன்னொன்று. போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் மூன்றாவது. வயிற்று வலிக்கான மெஃபனமிக் அமிலம் நான்காவது.

இதில் அடிக்கடி குழம்புவது ட்ரானெக்ஸாமிக் அமிலம். அது போக்கின் அளவைக் குறைக்கும், நாளைத் தள்ளிப்போடாது. போன மாதம் அக்காவுக்கு எழுதிய அட்டையை வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பி, தம்பியைக் கடைக்கு விட்டால் இந்த மாதிரிதான் ஆகும். அட்டையின் பின்புறம் நோரெதிஸ்டிரோன் என்ற பெயரும் 5 மில்லிகிராம் என்ற அளவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெதுவாகக் கரையும் வகையில் 10, 15 மில்லிகிராம் மாத்திரைகளும் உண்டு. அவற்றின் கணக்கே வேறு. உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மூன்று வேளையும் கிடையாது. கீழே நான் சொல்வதெல்லாம் சாதாரண 5 மில்லிகிராம் மாத்திரைக்கு.

2. முதல் மாத்திரைக்கு முன் கர்ப்பப் பரிசோதனை

கல்யாணமானவர்கள் இதைத் தாண்டவே கூடாது. கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகாது. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. மாத்திரை எடுக்கும் நாட்களில் மாதவிடாய் வராததற்கு மாத்திரைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, உண்மையான காரணத்தைப் பல நாள் கழித்தே கண்டுபிடிப்பார்கள்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் சோதனை அட்டையை வைத்துப் பாருங்கள். நாள் தள்ளும் முன்பே பார்த்தால் இல்லை என்று வரும் முடிவை முழுதாக நம்ப முடியாது. அந்த மாதத்தில் வாய்ப்பு இருந்தது என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

3. யாருக்கு இது வேண்டாம்

நோரெதிஸ்டிரோன் உடலுக்குள் போன பிறகு அதில் ஒரு சிறு பகுதி எத்தினைல் எஸ்ட்ராடியோலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் எடுக்கும்போது இந்தப் பகுதி கணக்கில் கொள்ளும் அளவுக்கு வந்துவிடும். இரத்தம் உறையும் ஆபத்தைப் பற்றி மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

காலிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் மஞ்சள் காமாலையோ தாங்க முடியாத அரிப்போ வந்தவர்கள் இதை எடுக்கக் கூடாது. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்களும் அப்படியே. அதைப் பற்றி 7-ஆம் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்தது, கேட்டுவிட்டு எடுக்க வேண்டியவர்கள். உடல் எடை மிக அதிகம், பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இரத்தக்கட்டி வந்திருக்கிறது, கண்முன் மின்னல் போலத் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, புகைப் பழக்கம், காலில் மாவுக்கட்டு, சமீபத்தில் அறுவை சிகிச்சை அல்லது பிரசவம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை அளவு கொஞ்சம் ஏறலாம். கல்யாண வீட்டுச் சாப்பாடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

வேறு மருந்துகளையும் சொல்லுங்கள். காசநோய்க்கு எடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிடோயின், கார்பமசெபின் போன்றவை நோரெதிஸ்டிரோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். மாத்திரை எடுத்தும் நாள் வந்துவிட்டது என்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருச்சிக்கு விமானத்தில் வரும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காருவதே இரத்தக்கட்டிக்கு ஒரு காரணம். மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் சேரும். பயணத் தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். விமானத்தில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் தண்ணீர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

4. தேதியைக் கணக்கிடுதல்

தள்ளிப்போட எடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

நாளைத் தள்ளிப்போட, எதிர்பார்க்கும் நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். கருப்பையின் உட்சுவர் உதிராமல் நிற்பதற்குப் புரோஜெஸ்டிரோன் வேண்டும். பந்தலுக்குக் கால் நட்டதுபோல மாத்திரை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. சரியத் தொடங்கிய பிறகு கால் நட்டுப் பயனில்லை. இலேசாகப் பட்ட பிறகு ஓடி வந்து கேட்பவர்களுக்கு என்னால் உதவ முடியாததும் அதனால்தான்.

கணக்கைத் தொடங்க வேண்டியது போன முறை இரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து. தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து அல்ல. வீட்டில் பலருக்கு ஞாபகம் இருப்பது தலைக்கு ஊற்றிய நாள்தான். அங்கேயே மூன்று நான்கு நாள் பிசகிவிடும்.

இரண்டாவது சறுக்கல் தமிழ்த் தேதி. "போன தடவை ஆடி 14, அப்போ இந்தத் தடவை ஆவணி 14" என்று ஆச்சிமார் கணக்குச் சொல்வார்கள். ஆடிக்கு 31 நாள், சில ஆண்டுகளில் 32. உங்கள் சுழற்சி 28 நாள் என்றால் இந்தக் கணக்கு குறைந்தது மூன்று நாள் பிந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போன முறை முதல் நாள் ஜூலை 30, அதாவது ஆடி 14. சுழற்சி 28 நாள். அடுத்தது ஆகஸ்ட் 27-ல் வரும். மாத்திரை ஆகஸ்ட் 24-ல் தொடங்க வேண்டும். ஆவணி 14 என்று நினைத்தவர் ஆகஸ்ட் 30-ல் வரும் என்று எண்ணி 27-ல் முதல் மாத்திரையைக் கையில் எடுப்பார். அன்றைக்கே வந்து நிற்கும்.

காலண்டரில் ஆங்கிலத் தேதியை வட்டம் போட்டு எண்ணுங்கள். கடைசி மூன்று மாதத் தேதிகள் இருந்தால் நல்லது. சுழற்சி 26 நாளும் 30 நாளுமாக மாறி மாறி வருகிறது என்றால் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில் 26 நாள் என்றால் ஆகஸ்ட் 25-ல் வரும், 22-ல் தொடங்க வேண்டும். 20 நாளும் 45 நாளுமாக வருபவர்களுக்கு எந்தக் கணக்கும் எடுபடாது. பிசிஓடி எனும் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களும், வயதுக்கு வந்து ஓரிரு வருடமே ஆன பெண் பிள்ளைகளும் பெரும்பாலும் இந்த வகைதான். அவர்களுக்குக் கடையில் நின்று முடிவெடுக்கக் கூடாது.

மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு நோரெதிஸ்டிரோனே தேவைப்படாமல் போகலாம். அந்த அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையும் 7 இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போகலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாயா என்ற கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது, அதில் ஹார்மோன் இல்லை.

5. நிறுத்தும் நாளைக் குறித்த பிறகே வாங்குங்கள்

தொடங்கும் தேதியை எல்லோரும் கேட்பார்கள். நிறுத்தும் தேதியைக் கேட்பவர்கள் குறைவு. நிறுத்திய 2, 3 நாளில் மாதவிடாய் வரும் என்பதால் அந்த நாளையும் இப்போதே குறித்துவிட வேண்டும்.

கல்யாணம் ஆகஸ்ட் 28, 29. மறுவீடு 30. சீட்டில் 30 இரவு வரை என்று இருந்தால் 24 முதல் 30 வரை 7 நாள். நாளைக்கு 3 வீதம் 21 மாத்திரை. அட்டைக்குப் பத்து என்று இரண்டு அட்டை வாங்கிப் போய்விடுவார்கள். கடைசி நாள் ஒன்று குறையும். கல்யாண வீட்டிலிருந்து இரவு பத்து மணிக்குக் கடை தேடுவதெல்லாம் தேவையா? எண்ணி வாங்குங்கள்.

மறுவீடு முடிந்ததும் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, அப்படியே திருச்செந்தூர் என்று திட்டம் நீளும்போது மாத்திரையையும் நீட்டாதீர்கள். தள்ளிப்போடுவதற்கு இரண்டு வாரத்தைத் தாண்டுவது நல்லதல்ல. நாள் கூடக் கூட இடையில் சொட்டுச் சொட்டாகப் படுவதும் கூடும், இரத்தம் உறையும் ஆபத்து இருக்கும் காலமும் நீளும்.

கோயிலுக்கு அந்த நாளில் போகலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் வரவில்லை. ஆனால் மாத்திரை வேண்டும் என்பதை அதை விழுங்கப் போகிற பெண் சொல்ல வேண்டும். மாமியாரோ, முகூர்த்தம் குறித்த சித்தப்பாவோ அல்ல.

6. மூன்று வேளை என்றால் எட்டு மணி நேர இடைவெளி

காலை 6, மதியம் 2, இரவு 10. இப்படிப் பிரித்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்காமல் நிற்கும். காலை 9, மதியம் 1, இரவு 8 என்று சாப்பாட்டு நேரத்தோடு ஒட்டவைத்தால் இரவு முழுக்க நீண்ட இடைவெளி விழும். அதில்தான் இலேசாகப் படத் தொடங்கும்.

கைப்பேசியில் மூன்று அலாரம் வையுங்கள். முகூர்த்த நாளில் பட்டுச்சேலை கட்டி, பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு என்று ஓடும்போது மதிய மாத்திரைதான் மறந்துபோகும். அட்டை வீட்டுப் பீரோவில் இருந்தால் பயனில்லை, கைப்பையில் ஒரு வரிசையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டும் எடுக்கலாம், சாப்பிடாமலும் எடுக்கலாம். குமட்டினால் சாப்பிட்ட பிறகு எடுங்கள். பிள்ளையார் நோன்பு நாளில் இழை எடுக்கும் சடங்கு முடியும் வரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று மூன்றையும் இரவில் சேர்த்து விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வேளை தவறினால், ஞாபகம் வந்ததும் ஒன்று மட்டும் எடுத்துவிட்டு வழக்கமான நேரத்துக்குத் திரும்புங்கள். இரட்டிப்பாக எடுப்பதால் விட்டுப்போன நேரம் திரும்ப வராது, தலைவலியும் குமட்டலும்தான் வரும்.

மார்பு கனப்பது, வயிறு உப்புவது, தலைவலி, எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் சிலருக்கு வரும், நிறுத்தியதும் போய்விடும். இன்னொன்று: இப்படிச் சில நாள் எடுக்கும் நோரெதிஸ்டிரோன் கருத்தடை ஆகாது.

7. அதிக உதிரப்போக்குக்கு எடுக்கும்போது

இங்கே வரிசை முற்றிலும் வேறு. தேதிக் கணக்கு இல்லை, காரணம் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பெரிய பெரிய கட்டியாக விழுகிறது, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஸ்கேனுக்குப் போகும்போது தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் அங்கே உட்காரவைத்துக் குடிக்கச் சொல்வார்கள், பாதி நாள் போய்விடும். காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கருப்பை உட்சுவரிலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம். பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து, மாத்திரை மட்டும் போதும் என்று திரும்பிவிடுகிறார்கள். இதைவிடத் தவறான முடிவு வேறில்லை. மாத்திரை போக்கை நிறுத்திவிடும், காரணம் உள்ளேயே இருக்கும். அதிலும் மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்துச் சொட்டுப் பட்டால்கூட, மாத்திரை கேட்டுக் கடைக்கு வராதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள். புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை அதை நிறுத்தப் பார்க்கக் கூடாது.

காரணம் தெரிந்து சீட்டு எழுதிய பிறகு வழக்கமான அளவு, 5 மில்லிகிராம் நாளைக்கு 3 வேளை, 10 நாள். பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் போக்கு நிற்கும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "நின்னுடுச்சு, எதுக்கு வீணா மாத்திரை" என்று நான்காம் நாளே விட்டுவிடுவார்கள். மாத்திரையின் தாங்கலை விலக்கியதும் உட்சுவர் மறுபடி உதிரும். போக்கு திரும்பும். மறுபடி அந்த மாத்திரையைத் தொடங்குவார்கள். இப்படியே ஒரு மாதம் ஓடும். 30 மாத்திரையும் முடியட்டும்.

பத்து நாள் முடிந்து நிறுத்தினால் 2 முதல் 4 நாளில் ஒரு மாதவிடாய் வரும். அது வரத்தான் வேண்டும். உட்சுவர் ஒரே சீராக உதிர்ந்து சுத்தமாகும் போக்கு அது. பழையது திரும்பிவிட்டது என்று பயந்து மாத்திரையைக் கையில் எடுக்காதீர்கள். மருத்துவர் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் காதில் ஏறியிருக்காது. அதனால் சீட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி வராமலிருக்க, அடுத்த சில சுழற்சிகளில் 19-ஆம் நாள் முதல் 26-ஆம் நாள் வரை எடுக்கச் சொல்வதுண்டு. இங்கும் முதல் நாள் என்பது இரத்தம் பட்ட முதல் நாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் காபி, டீயோடு சேர்க்காதீர்கள், சத்து உடலில் சரியாகச் சேராது.

8. எண்டோமெட்ரியோசிஸுக்கு

இது மாதக் கணக்கில் போகும் சிகிச்சை. மாதவிடாய் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் ஆரம்பித்து, நாலு முதல் ஆறு மாதமோ அதற்கு மேலோ இடைவிடாமல் எடுக்கச் சொல்வார்கள். இடையில் மாதவிடாய் வராது. வராததே சிகிச்சை என்பதால் அதைக் கண்டு நிறுத்த வேண்டாம். சொட்டுச் சொட்டாகப் பட்டால் மருத்துவர் அளவை மாற்றுவார், நீங்களாகக் கூட்ட வேண்டாம். வலி குறைந்ததும் விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

9. எதைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும்

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது. திடீரென்று நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். பேச்சு குழறுவது, முகமோ கையோ ஒரு பக்கம் இழுப்பது, திடீரென்று பார்வை மங்குவது, இதுவரை வராத கடுமையான தலைவலி. கண்ணோ தோலோ மஞ்சளாவது.

கால் வீக்கத்தை நடந்த வலி என்று தைலம் தேய்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். நெஞ்சும் மூச்சும் என்றால் 108-ஐ அழையுங்கள். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் "ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா" என்று கேட்கும்போது பலர் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கூடப் போகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

10. நிறுத்திய பிறகு

தள்ளிப்போட எடுத்தவர்களுக்கு 2, 3 நாளில் வரும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். ஒரு வாரம் ஆகியும் வரவில்லையென்றால் மறுபடி கர்ப்பப் பரிசோதனை. அது இல்லை என்று வந்து, இன்னும் வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வரவைக்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டால் அடுத்த மாதக் கணக்கும் குழம்பும்.

அடுத்த சுழற்சியை, மாத்திரைக்குப் பின் வந்த இந்தப் போக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். பழைய தேதியைத் தொடரக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் செப்டம்பர் 2-ல் வந்தது என்றால் அடுத்தது ஏறத்தாழ செப்டம்பர் 30.

மூன்று அட்டை வாங்கி ஒன்பது மிஞ்சியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டப் போகிறாள் என்று அதைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 2-ஆம், 3-ஆம் பகுதியில் உள்ள கேள்விகளை அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்பது மாத்திரை மூன்று நாளைக்குத்தான் வரும், காப்புக் கட்டியதிலிருந்து பால்குடம் வரை அது போதவும் போதாது. வெட்டாத முழு அட்டையாக இருந்தால், பில்லோடு கொண்டுவந்து திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கிய கடையிலேயே கேளுங்கள்.